சிறிய அறைக்கு ஏற்ற கட்டில்: வீடு திரும்பும் முன் அளக்க வேண்டியவை

நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாள் நெருங்கும்போது, எந்த மாத்திரையை எப்போது கொடுப்பது, என்ன உணவு தருவது, மறுபரிசோதனைக்கு என்று வருவது என்றெல்லாம் குடும்பத்தினர் எங்களிடம் தவறாமல் கேட்கின்றனர். அவர் எந்த அறையில், எந்தக் கட்டிலில் படுக்கப் போகிறார் என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு, நாள்பட்ட நுரையீரல் நோய், இதயச் செயலிழப்பு ஆகியவற்றிலிருந்து மீள்பவர்கள் அடுத்த சில மாதங்களில் மிகுதியான நேரத்தைக் கழிப்பது அந்தக் கட்டிலில்தான். அவர்கள் எழுந்து நடமாடத் தொடங்குவதும், படுத்த படுக்கையாகிவிடுவதும் ஓரளவு அதைப் பொறுத்தே அமைகின்றன.

நம் மாவட்டத்து வீடுகள் பலவும் சிறியவை. ஊரகப் பகுதிகளுக்கான பிரதமரின் வீட்டுவசதித் திட்டத்தில் ஒரு வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர். அதாவது ஏறத்தாழ 270 சதுர அடி. தமிழ்நாட்டில் 2011இல் அறிவிக்கப்பட்ட பசுமை வீடு 300 சதுர அடி. கலைஞரின் கனவு இல்லத் திட்டத்து வீடு 360 சதுர அடி. கூடம், சமையலிடம், படுக்கையறை அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும். ஆகவே 8 அடிக்கு 10 அடி என்ற அளவில் ஓர் அறை நோயாளிக்கென ஒதுக்கப்பட்டால், அதுவே அந்தக் குடும்பம் செய்யக்கூடிய பெரிய ஏற்பாடு.

மடக்குக் கட்டில், பெட்டிக் கட்டில், சோபாக் கட்டில், அடுக்குக் கட்டில் எனச் சிறிய அறைக்கென்று கடைகளில் பல வகைகள் விற்கப்படுகின்றன. இவற்றுள் எதைத் தேர்ந்தாலும் ஒன்றை மனத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறோம். மிச்சமாகும் இடம், நோயாளி இறங்கி நடக்கும் பக்கத்தில் மிச்சமாக வேண்டும். சுவரோரத்தில் அரை அடி, தலைமாட்டில் அரை அடி, கால்மாட்டில் ஓர் அடி என்று சிதறிக் கிடக்கும் இடத்தால் நோயாளிக்கு எந்தப் பயனும் இல்லை.

தரையில் பாய் விரித்தால் போதாதா?

இடத்தை மிச்சப்படுத்துவதில் பாய்க்கு நிகரானது எதுவும் இல்லை. காலையில் சுருட்டி வைத்தால் அறை முழுவதும் காலியாகிவிடும். உடல்நலத்துடன் இருப்பவர் தரையில் படுப்பதில் மருத்துவக் குறை ஏதும் கிடையாது. ஆயினும் நோயிலிருந்து மீள்பவருக்குக் கட்டில் வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, தரையிலிருந்து எழுவது மிகக் கடினமான செயல். இடுப்பும் முழங்காலும் முழுவதும் மடங்கி, உடலின் எடை முழுவதையும் கால்கள் தூக்க வேண்டும். ஒரு கை, ஒரு கால் செயலிழந்தவரால் இது துணையின்றி இயலாது. எழுவது கடினம் என்பதாலேயே அவர் எழாமல் கிடப்பார். நாள் முழுவதும் கிடப்பவருக்குத் தசைகள் மெலியும். படுக்கைப் புண், நுரையீரலில் சளி தேங்குதல், கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைதல் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வரக்கூடும்.

இரண்டாவது காரணம் நம் மண்ணின் நீரைச் சார்ந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட புளோரைடு உள்ள நீரை நெடுங்காலம் குடித்தவர்களுக்குப் பற்களில் கறை படிகிறது; அளவு மிக அதிகமாக இருந்த இடங்களில் முதுகெலும்பும் மூட்டுகளும் இறுகுகின்றன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதைத் தடுப்பதற்காகவே கொண்டுவரப்பட்டு, 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. எனினும் அதற்கு முன் பல பத்தாண்டுகள் கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் குடித்து முதுமை எய்தியவர்கள் நம்மிடையே உள்ளனர். குனியவும் குந்தவும் இயலாத அவர்களைப் பாயில் படுக்க வைப்பது, அவர்களை ஒவ்வொரு முறையும் பிறர் தூக்கிவிடும் நிலைக்குத் தள்ளுவதாகும்.

மூன்றாவது, கட்டுவிரியன் பாம்பு. இரவில் இரை தேடும் இப்பாம்பு, தரையில் உறங்குபவர்களைக் கடிப்பது வழக்கம். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. பலருக்குக் கடிபட்டதே தெரியாது. வயிற்றுவலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுடன் விழிப்பார்கள். பின்னர் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். இந்த அறிகுறிகளைக் கண்டால் ஒரு நொடியும் தாமதிக்காமல் 108ஐ அழைத்து மருத்துவமனைக்கு வர வேண்டும். தரையை விட்டு உயர்ந்த கட்டிலும், விளிம்புகள் மெத்தைக்கு அடியில் நன்கு செருகப்பட்ட கொசுவலையும் இந்த ஆபத்தைப் பெரிதும் குறைக்கின்றன. நோயாளிக்கு மட்டுமன்றி, அருகில் படுக்கும் துணையாளருக்கும் இது பொருந்தும்.

முதலில் அறையை அளவெடுங்கள்

கடைக்குச் செல்லும் முன் ஒரு தாளில் அறையின் நீளம், அகலம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, சன்னல் எங்குள்ளது, பீரோ எங்கு நிற்கிறது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 8 அடி அகலமும் 10 அடி நீளமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

அதில் 5 அடி அகலமும் ஆறரை அடி நீளமும் உள்ள இரட்டைக் கட்டிலை நீளச் சுவரோடு ஒட்டிப் போட்டால், மறுபக்கம் 3 அடி மிஞ்சும். எதிர்ச் சுவரில் ஒன்றரை அடி ஆழமுள்ள பீரோ இருந்தால், நடக்கக் கிடைப்பது ஒன்றரை அடியே. வாக்கர் எனப்படும் நடைச்சட்டத்துக்கு ஏறத்தாழ 2 அடி வேண்டும். ஆகவே நோயாளி வாக்கரை விட்டுவிட்டு, கட்டிலையும் பீரோவையும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர முயல்வார். வீட்டுக்குள் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ளும் முதியவர்கள் பலருக்கு விபத்து நேர்வது இத்தகைய இடுக்குகளில்தான்.

அதே அறையில் 3 அடி அகலமுள்ள ஒற்றைக் கட்டிலைப் போடுங்கள். பீரோ இருந்த இடத்திலேயே இருந்தாலும் மூன்றரை அடி கிடைக்கும். வாக்கர் செல்லும், துணையாளர் அருகில் நின்று தாங்கலாம், இரவில் கழிப்பறை நாற்காலியைக் கட்டிலின் ஓரத்தில் வைக்கலாம். இனி, பீரோவைக் கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்த்துங்கள். கட்டில் ஆறரை அடி போக, அந்தச் சுவரோரத்தில் மூன்றரை அடி மிஞ்சியிருக்கும். 3 அடி அகலப் பீரோ அதில் அடங்கும். இப்போது கட்டிலின் பக்கத்தில் முழுமையாக 5 அடி கிடைக்கிறது. சக்கர நாற்காலி ஒரு முழுச் சுற்றுத் திரும்புவதற்கு வேண்டிய இடம் அதுவே. புதிய அறை கட்டாமல், புதிய பணம் செலவிடாமல் கிடைத்த இடம் இது.

சுருங்கச் சொன்னால், நடக்க இயலும் நோயாளிக்கு இறங்கும் பக்கத்தில் குறைந்தது 3 அடி, சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு 5 அடி வேண்டும். இந்த இடத்தைத் தராத கட்டில் எவ்வளவு அழகாயிருந்தாலும் அந்த அறைக்கு உரியதன்று.

எந்தப் பக்கம் திறந்திருக்க வேண்டும்?

பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவருக்கு இக்கேள்வி முதன்மையானது. தொடக்கத்தில் வலுவுள்ள பக்கமாக இறங்குவதே பெரும்பாலோர்க்கு எளிது. வலப்பக்கம் செயலிழந்தவர் மல்லாந்து படுத்திருக்கையில் அவருடைய இடப்பக்கம் திறந்தும், வலப்பக்கம் சுவரை ஒட்டியும் இருந்தால் நல்லது. பயிற்சிக்காக மறுபக்கமாக இறங்குமாறு இயன்முறை மருத்துவர் சொல்வதும் உண்டு. எனவே கட்டிலைப் போடும் முன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பதைப் பல குடும்பங்கள் கடைப்பிடிக்கின்றன. அதை மாற்ற வேண்டியதில்லை. கிழக்கே தலைவைத்துப் படுப்பவரின் இடப்பக்கம் தெற்காகவும், வலப்பக்கம் வடக்காகவும் அமையும். வலப்பக்கம் செயலிழந்தவருக்குக் கட்டிலை வடக்குச் சுவரை ஒட்டிப் போட்டால் இடப்பக்கம் திறந்திருக்கும். இடப்பக்கம் செயலிழந்தவருக்குத் தெற்குச் சுவரை ஒட்டிப் போடலாம். தலை வைக்கும் திசையும் மாறாது. மருத்துவத் தேவையும் நிறைவேறும்.

சுவரை ஒட்டிப் போடும்போது மெத்தைக்கும் சுவருக்கும் இடையே இடைவெளி விடாதீர்கள். நினைவுக் குழப்பமுள்ள முதியவர்கள் அந்த இடைவெளியில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

உயரத்தில் சிக்கனம் வேண்டாம்

நோயாளியை ஒரு நாற்காலியில் அமர்த்தி, பாதங்களைத் தரையில் ஊன்றச் செய்து, முழங்காலின் பின்மடிப்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளவெடுங்கள். பெரும்பாலோர்க்கு அது 15 முதல் 18 அங்குலத்துக்குள் இருக்கும். மெத்தையின் மீது அவர் அமர்ந்து அது அழுந்திய பின், தரையிலிருந்து மெத்தையின் மேற்பரப்பு வரையுள்ள உயரம் இந்த அளவுக்கு இணையாகவோ, ஓரிரு அங்குலம் கூடுதலாகவோ இருக்க வேண்டும். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சற்றுக் கூடுதல் உயரமே பாதுகாப்பு. இடுப்பு செங்கோணத்துக்கு மேல் மடங்கக் கூடாது என்று அறுவை மருத்துவர் சொல்லியிருந்தால், தாழ்ந்த கட்டில் அறவே கூடாது.

கட்டில் மிக உயரமாக இருப்பதும் தீங்கே. கால் தரையில் ஊன்றாமல் தொங்கினால் நோயாளி சறுக்கி இறங்குவார். கட்டிலை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, பின்னர் 6 அங்குல மெத்தையை அதன்மேல் போடுவதால்தான் இந்நிலை ஏற்படுகிறது. இரண்டையும் சேர்த்தே அளக்க வேண்டும். வீட்டிலுள்ள கட்டில் தாழ்வாக இருந்தால் புதிது வாங்க வேண்டியதில்லை. தச்சரிடம் சொல்லி, கட்டிலின் கால் நழுவாமல் உட்காரும்படி குழி செதுக்கிய மரக்கட்டைகளை நான்கு கால்களுக்கும் வைத்துக்கொள்ளலாம். செங்கல்லை அடுக்கி உயர்த்துவது கூடாது.

எந்த வகை யாருக்கு?

மடக்குக் கட்டில்: சுவருக்குள் நிமிர்த்தி மூடும் கட்டிலை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் வில்லியம் மர்பி என்பவர் பரவலாக்கினார். ஒற்றை அறையில் குடியிருந்த அவருக்குப் பகலில் அறை வேண்டியிருந்தது. காலையில் எழுந்து வெளியே செல்பவருக்கு ஏற்ற அமைப்பு அது. நோயாளிக்குப் பகலிலும் பலமுறை படுத்து எழ வேண்டியிருக்கும்; மடக்கிய கட்டிலைப் பிறர் வந்து விரிக்கும்வரை அவர் நாற்காலியில் சாய்ந்து கிடக்க நேரும். நம் கடைகளில் கிடைக்கும் இரும்புக் குழாய் மடக்குக் கட்டில் பெரும்பாலும் தாழ்வானது, நடுவில் தொய்வது, ஓரத்தில் அமர்ந்தால் கவிழக் கூடியது. இது துணையாளருக்குப் பொருந்தும், நோயாளிக்குப் பொருந்தாது. வாங்குவதாயின், உடல் கனத்தவர் ஒருவரை அதன் விளிம்பில் அமரச் சொல்லி, மறுபக்கக் கால்கள் தூக்குகின்றனவா என்று கடையிலேயே பாருங்கள்.

பெட்டிக் கட்டில்: துணி, போர்வை, மருந்துகளை அடியில் வைக்க இடம் தருவதால் சிறிய அறைக்கு உகந்தது. மேற்பலகையைத் தூக்கித் திறக்கும் வகையில், பொருள் எடுக்க ஒவ்வொரு முறையும் நோயாளியை எழுப்ப வேண்டும். மூடி விழுந்து குழந்தைகள் காயமடையவும் கூடும். பக்கவாட்டில் இழுக்கும் வகையே மேல். இழுப்பறைகள் தரைவரை அடைத்திருந்தால், நோயாளி எழும்போது குதிகாலைச் சற்று உள்ளிழுக்க இடமிராது. கால்களைப் பின்னிழுத்து முன்னால் சாய்ந்தால்தான் எழ முடியும். ஆகவே அடிப்புறத்தில் 4 அங்குலமேனும் உள்வாங்கி அமைக்கச் சொல்லுங்கள்.

சோபாக் கட்டில், திவான்: விருந்தினருக்கு நல்லவை. சோபாக் கட்டிலின் மெத்தை நடுவில் மடிப்புடையது. முதுகுவலி உள்ளவருக்கும், படுக்கைப் புண் வரக்கூடியவருக்கும் வேண்டாம்.

அடுக்குக் கட்டில்: குழந்தைகள் மிகுந்த வீட்டில் இடம் மிச்சமாகும். 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளையும், வலிப்பு நோய் உள்ளவர்களையும் மேல்தட்டில் படுக்க வைக்கக் கூடாது. தூக்கத்தில் நடப்பவர்களுக்கும், தலைசுற்றல் உள்ளவர்களுக்கும் அதுவே விதி.

கயிற்றுக் கட்டில், நாடாக் கட்டில்: எடை குறைவு, வெயில் காலத்தில் காற்றோட்டம் தரும், பகலில் நிமிர்த்திச் சாத்தலாம். உடல்நலமுள்ளவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். தொய்ந்த கயிற்றில் புரண்டு படுப்பதும் எழுவதும் கடினம் என்பதால் நடுக்குவாத நோயாளிக்கும் பக்கவாத நோயாளிக்கும் ஏற்றதன்று. கயிற்றை இறுக்கி, மேலே பிளைவுட் பலகையும் கெட்டியான தேங்காய் நார் மெத்தையும் போட்டால், உள்ள கட்டிலையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

தலைப்பக்கம் உயரும் கட்டில்: அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லிஸ் கேட்ச் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்த, பகுதி பகுதியாக மடங்கும் கட்டிலின் வழிவந்தவையே இன்று எங்கள் வார்டுகளில் உள்ளவை. இதயச் செயலிழப்பு, நாள்பட்ட மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மட்டமாகப் படுக்க இயலாதவர்கள். அவர்களுக்கு இது உண்மையான தேவை. இதன் அகலம் 3 அடி அளவிலேயே இருப்பதால் சிறிய அறையிலும் அடங்கும். விலைக்கு வாங்க இயலாதவர்கள் வாடகைக்குப் பெறலாம்; அல்லது சாதாரணக் கட்டிலின் மீது வைக்கும் சாய்மானச் சட்டத்தை வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம்.

கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது?

இடம் போதாத வீட்டில் கட்டிலுக்கு அடியில்தான் ராகி மூட்டையும், நிலக்கடலைச் சாக்கும், பழைய துணி மூட்டையும் சேர்கின்றன. தானியம் இருக்கும் இடத்துக்கு எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். கட்டில் வாங்கியதன் பயன் இதனால் கெடுகிறது. கட்டிலின் அடிப்பகுதி முழுவதும் மூடிய பெட்டியாக இருக்கட்டும். இல்லையெனில் முழுவதும் காலியாக, நாள்தோறும் பெருக்கக் கூடியதாக இருக்கட்டும். பாதி திறந்த நிலையில் மூட்டைகளைத் திணிப்பதைத் தவிருங்கள். தானியத்தை மூடியுள்ள தகர டிரம்மில், வேறிடத்தில் வையுங்கள்.

துணையாளருக்கும் ஓர் இடம்

நோயாளியின் கட்டிலைப் பற்றி யோசிக்கும்போது, அவருடன் இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவியோ மகளோ மருமகளோ எங்கே படுப்பார் என்பதை மறந்துவிடுகிறோம். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து விரிக்கும் சிறு கட்டில் இதற்கு ஏற்ற தீர்வு போலத் தோன்றும். இரவில் அதை விரித்தால், நோயாளி இறங்கும் வழியையே அது அடைத்துவிடும். இருட்டில் சிறுநீர் கழிக்க எழுபவர் அதில் இடறி விழுவார். துணையாளரின் படுக்கையைக் கால்மாட்டுப் பக்கமாகவோ, எதிர்ச் சுவரோரமாகவோ அமைத்து, இடையில் நடைவழியைத் திறந்து விடுங்கள். மங்கலான ஒரு விளக்கு இரவு முழுவதும் எரியட்டும்.

தானாகப் புரள இயலாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அதற்குக் கட்டிலின் இருபுறமும் ஆள் நிற்க வேண்டியிருக்கும். அறையில் அதற்கு இடமில்லையெனில், பூட்டும் அமைப்புள்ள சக்கரங்களைக் கட்டிலின் கால்களில் பொருத்துங்கள். உடல் துடைக்கும் நேரத்தில் மட்டும் சுவரிலிருந்து இழுத்துக்கொள்ளலாம். மற்ற நேரங்களில் சக்கரங்கள் பூட்டியே இருக்க வேண்டும். கட்டில் தாழ்வாக இருந்தால் நாள்தோறும் பலமுறை குனியும் துணையாளரின் இடுப்பு விரைவில் பழுதடையும். அவர் படுத்துவிட்டால் அந்த வீட்டில் நோயாளிகள் இருவர்.

தச்சரிடம் கொடுக்க ஒரு சீட்டு

கடையில் ஆயத்தமாக உள்ளவை பொருந்தவில்லையெனில், உள்ளூர்த் தச்சரோ வெல்டிங் பட்டறைக்காரரோ செய்து தருவது பல நேரங்களில் நன்றாக அமையும். அவரிடம் இவற்றை எழுதிக் கொடுங்கள்:

அகலம் 3 அடி; நீளம் நோயாளியின் உயரத்தைவிட ஓர் அடி கூடுதல். மெத்தையுடன் சேர்த்து முழங்கால் மடிப்பின் உயரம். கூரிய முனைகள் இன்றி உருட்டிய விளிம்புகள். இறங்கும் பக்கத்தில், தலையிலிருந்து 2 அடி தள்ளி, பிடித்து எழுவதற்கு ஓர் உறுதியான கைப்பிடி. கட்டிலின் முழு நீளத்துக்கும் கம்பித் தடுப்பு வேண்டாம், குழப்பத்தில் அதன்மேல் ஏறுபவர் மேலும் உயரத்திலிருந்து விழுவார். கொசுவலை கட்ட நான்கு மூலைகளிலும் கம்பி செருகும் துளை. காற்றுப் புகும்படி இடைவெளி விட்ட பலகைகள்.

கட்டில் வந்ததும் முதல் நாள் துணையாளருடன் எழுந்து இறங்கப் பழகுங்கள். ஒருக்களித்துத் திரும்பி, கால்களைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி அமர்ந்து, ஓரிரு நிமிடம் அப்படியே இருந்த பின்னரே நிற்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை உண்பவர்களுக்கு இந்த ஓரிரு நிமிடம் மிக முக்கியம்.

வீட்டிலேயே ஆலோசனை பெறவும் வழியுண்டு. 2004 வரை நம் மாவட்டத்தோடு இணைந்திருந்த கிருஷ்ணகிரிப் பகுதியின் சாமனப்பள்ளியில், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரண ஆதரவு சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொண்டு, வருபவரிடம் கட்டில் கிடக்கும் இடத்தையும் காட்டிக் கேளுங்கள்.

இப்போது வார்டில் நோயாளியுடன் இருப்பவர்கள், வீட்டிலுள்ள ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து அறையையும் பீரோவையும் கதவையும் அளக்கச் சொல்லுங்கள். நோயாளியின் முழங்கால் உயரத்தை நீங்கள் இங்கேயே அளந்துகொள்ளலாம். அந்தத் தாளைக் காலையில் நாங்கள் வார்டைச் சுற்றி வரும்போது காட்டுங்கள். கட்டிலை எங்கே போடுவது, எந்தப் பக்கம் திறந்துவைப்பது என்பதை இயன்முறை மருத்துவருடன் சேர்ந்து குறித்துத் தருவோம்.